விரலளவு கீழே

மச்சான், ரெண்டாவது நிலக்கரி மைன்ஸுக்கு எங்கள் கொல்லை நிலத்தை எடுத்த வருஷம் அது. காடாம்புலியூரில் புயலுக்குப் பலா மரங்கள் காயோடு சாய்ந்ததும் அதே வருஷம்தான். எழுத்தறியாதவனுக்கு வருஷக் கணக்கு இப்படித்தான். நேற்று டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது உன் பித்தளைக் கவராயம் கைக்கு வந்தது. களிம்பேறி இரண்டு காலும் ஒட்டிக் கிடந்தன. தேங்காய் எண்ணெய் விட்டுப் பிரித்தேன். பிரிந்ததும் மனசால் உன் குவார்ட்டர்ஸ் ஹாலில் போய் நின்றேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள்.

நீ டிராயிங் ஆபீசில் பர்மனென்ட். நான் மரப்பட்டறையில் கான்ட்ராக்ட். நீ கோடு போட்டால் நான் அறுப்பேன். "இவன் கண்ணுலயே அடிக்கோல வெச்சிகினு பொறந்தவன்" என்பாய்.

உன் தங்கையை மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "மூஞ்சி நீட்டு" என்று போய்விட்டார்கள். "இன்னொரு தபா காபித் தட்டு தூக்கிகினு வர மாட்டேண்ணே. சந்தையில மாட்டப் பாக்குறாப்பல பாக்குறானுங்க" என்று அவள் உன்னிடம் சொல்லிவிட்டாள். நீ தூங்காமல் எந்தப் புத்தகத்தையோ படித்தாய். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பாடம்: "நீளம் எட்டுன்னா அகலம் அஞ்சு. ஏறக்குறைய அப்படி வந்தா அதான்டா அழகு. தங்க விகிதம்னு பேரு." நான் பஸ் ஜன்னலைக் கண்ணால் அளந்து, "இதுகூட எட்டுக்கு அஞ்சு வருதே, இதுக்கு மாப்பிள்ள பாத்துட்டியா?" என்றேன். என் முதுகில் ஒன்று வைத்தாய்.

திருவதிகையிலிருந்து நான்காவது கூட்டத்தைத் தரகர் கூட்டி வந்தார். காபித் தட்டை உன் அம்மா தூக்கி வந்தாள். நாற்காலி தூக்கிப் போட வந்த நான் சுவரோரம் நின்றேன். எல்லார் முன்னாலும் தங்கையை உட்காரவைத்து அளந்தாய். கவராயத்தின் மேல் முள்ளை முடி தொடங்கும் இடத்தில் வைக்கவில்லை. ஒரு விரல் கீழே, நெற்றியில் வைத்து நீளத்தைக் குறைத்தாய். ஒருவரும் கவனிக்கவில்லை. என் கண் கவனித்தது.

"எட்டுக்கு அஞ்சு! என் தங்கச்சி மூஞ்சி தங்க விகிதமுங்க."

மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அப்பிடிங்களா! மொத்தம் எத்தினி பவுனுங்க வருது?"

நீ கவராயத்தை மடக்கினாய். அவள்தான் பேசினாள். "உருக்கிப் பாத்தாத்தான் தெரியும் பெரியவரே." சொல்லிவிட்டுச் சிரித்தாள் பார், அடக்க முடியாமல், அந்த நீட்டு முகம் முழுக்க. காபி ஆறும் முன்னே கூட்டம் எழுந்து போய்விட்டது. "நானே கெடுத்துட்டேன்டா" என்று நீ தலையில் கைவைத்து உட்கார்ந்தாய்.

நாலு நாள் கழித்து பஸ் ஸ்டாப்பில் உன்னிடம் பெண் கேட்டேன். படிப்பில்லாதவன், கான்ட்ராக்ட்காரன், இருந்தும் கேட்டேன்.

"அளவு சரியா வந்துச்சேன்னு கேக்குறியா?" என்றாய்.

"அளவ யாரு பாத்தா? நான் சிரிப்பப் பாத்தேன்."

வீட்டில் போய்ச் சொன்னாய். அவள் சொல்லி அனுப்பிய பதில் இன்னும் காதில் இருக்கிறது: "கவராயம் இல்லாம வரச் சொல்லு."

தாலி கட்டிய அன்று அந்தக் கவராயத்தை என் சட்டைப் பையில் போட்டாய். "நீயே வெச்சிக்க மாப்ள. எங்கிட்ட இருந்தா எதையாச்சும் அளந்துகினே இருப்பேன்."

அந்த விரலளவுப் பொய்யை நான் இத்தனை காலம் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவள் மனசு நோகும் என்ற பயம். நேற்று கவராயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடமே சொல்லிவிட்டேன். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"முள்ளு எங்க குத்துச்சின்னு என் நெத்திக்குத் தெரியாதா? அசைஞ்சா அண்ணன் வெச்ச அளவு தப்பிடப் போவுதேன்னு நான்தான் மூச்சு வுடாம உக்காந்திருந்தேன்."

பெரியப்பா போனார், தரகர் போனார், உன் அம்மா போனாள், நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த ஹாலில் அன்று இருந்த நம்மவர்களில், என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், மிச்சம் ஒரே ஆள்தான் மச்சான். நெற்றியில் அந்த விரலளவு இடத்தோடு, உன் தங்கை அஞ்சலை.