டாக்டரம்மாவுக்கு எழுதிய சீட்டு

3-6-1979
இன்று ஒன்பது வரி எழுதினேன். அறுபத்தாறு வயதில் ரங்கசாமி எழுதுகிறான்! முதியோர் வகுப்பு வீரலட்சுமி டீச்சர், "தினமும் உங்க சமாசாரம் நாலு வரி எழுதிப் பழகுங்க" என்றார். என்ன சமாசாரம்? மழை. சாயா. பெண்டாட்டி சுப்பம்மாள் ஏசினாள்.

9-6-1979
முன்பெல்லாம் கடலையைத் தின்றுவிட்டுக் காகிதத்தை எறிவேன். இப்போது காகிதத்துக்காகவே கடலை வாங்குகிறேன். இன்றைய பொட்டலம் ஒரு தமிழ்ப் பத்திரிகைக் கிழிசல். வைத்தியர் விளம்பரம்: "மர்ம ஸ்தானத்தில் பருவா? மேக வியாதி! தாமதித்தால் குலநாசம்!" மூன்று தரம் எழுத்துக் கூட்டினேன்.

10-6-1979
குளிக்கும்போது பார்த்தேன். இருக்கிறது. விதைப்பையில் கருஞ்சிவப்பாக, கடுகளவு, பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். வலி இல்லை, அரிப்பு இல்லை. எத்தனை வருஷமாக இருக்கிறதோ! எழுத்து தெரியாதவரை பயமும் தெரியவில்லை.

(விதைப்பை. பாடப்புத்தகத்தில் இந்த வார்த்தை கிடையாது. நானாகவே எழுதினேன்.)

11-6-1979
மேக வியாதி என்றால் கண்ட இடத்துக்குப் போனவன் என்றல்லவா நினைப்பார்கள்? நாற்பத்தொரு வருஷமாக இந்த மலையாள ஊரில் மிளகுக் கிடங்கு, வீடு. வேறு எங்கே போனேன்? சொன்னால் சுப்பம்மாள் நம்புவாளா? அவளுக்கும் ஒட்டிவிட்டால்? பாயை நடையில் விரித்துக்கொண்டேன். "எந்தா, பொண்டாட்டி நாறுறாளா?" என்றாள். உஷ்ணம் என்றேன். வெளியே மழை கொட்டுகிறது.

13-6-1979
கிடங்கில் தலைவலியோ வீக்கமோ, எதற்கும் சுக்கைக் குழைத்துப் பூசுவோம். பூசினேன்.

அதே நாள், பிறகு
ஐயோ. ஐயையோ. இரண்டு குடம் தண்ணீரும் தீர்ந்தது. சுப்பம்மாள் கதவைத் தட்டுகிறாள்: "உள்ளே என்ன கூத்தாடுறீங்க?"

18-6-1979
டிஸ்பென்சரிக்குப் போனேன். வாயால் சொல்ல வெட்கம், அதனால் சீட்டு எழுதிக்கொண்டு போனேன். என் ஆயுளில் முதல் கடிதம். போனால், டாக்டர் பொம்பளை! பாலக்காட்டுத் தமிழ்ப் பெண், பெயர் அனந்தலக்ஷ்மி. சீட்டை நீட்டினேன். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "நேக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிச்சதெல்லாம் மலையாளமாக்கும். நீங்களே வாசிச்சுடுங்கோ."

மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த கம்பவுண்டர் நாணு எண்ணுவதை நிறுத்தினான். "கொறச்சு சத்தமா வாசிக்கு, சேட்டா."

வாசித்தேன். வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு எழுத்தாக. வெளியே பெஞ்சில் இருமல் எல்லாம் நின்றுபோயிற்று.

திரைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். "இது வியாதியே இல்லை, கேட்டேளா. தோல்ல இருக்கற பொடி ரத்தக் குழாய் விரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். வயசானா நெறையப் பேருக்கு வரும். யாருக்கும் ஒட்டாது, மருந்தும் வேண்டாம். ஆனா தோல் ஏன் இப்படி வெந்திருக்கு?"

சுக்கு என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "உங்களுக்கு இருக்கற ஒரே வியாதி அந்தச் சுக்குதான்."

எப்போது வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். புண் ஆறாமல் இருந்தால். பருவோ கட்டியோ பெரிதானால், நிறம் மாறினால். வலி, சீழ். ரத்தம் நிற்காவிட்டால். விதையில் கெட்டியாகத் தட்டுப்பட்டால். கிள்ளக் கூடாது. ஆணானாலும் பெண்ணானாலும் வெட்கப்பட்டு வீட்டில் இருக்கக் கூடாது. கடலைக் காகிதத்தை வாசிக்கலாம், நம்பக் கூடாது.

19-6-1979
சுப்பம்மாளுக்கு நோட்டை வாசித்துக் காட்டினேன். அவள் ஏசியதை மட்டும் விட்டுவிட்டேன். சுக்கு வந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "கண்ட இடத்துக்குப் போற மூஞ்சியா இது!" நாற்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு நற்சான்று கிடைத்ததில்லை.

டாக்டரம்மா சொன்னதை வாசித்ததும் சிரிப்பு நின்றது. "அந்த முதல் வரியைத் திரும்பச் சொல்லுங்க."

புண் ஆறாமல் இருந்தால்.

"எனக்குப் பங்குனியிலேருந்து இருக்கு. அங்கேதான். இந்த வயசுல யாருகிட்ட போய்ச் சொல்ல?"

பாயை உள்ளே கொண்டுவந்து போட்டேன்.

20-6-1979
அவள் சொன்னாள், நான் எழுதினேன். டிஸ்பென்சரியில் நாணுவை வெளியே அனுப்பிவிட்டு நானே வாசித்தேன். வாசிப்பு தடுமாறவில்லை.

16-7-1979
புண்ணில் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்று இல்லை. ஆனால் விட்டால் அப்படி மாறக்கூடியதாம். "அந்த இடத்தை மட்டும் எடுத்துடலாம், பாட்டி. நல்ல சமயத்துல வந்தேள்" என்றார் டாக்டரம்மா. பாட்டி என்றதற்குத்தான் சுப்பம்மாளுக்குக் கோபம்.

27-8-1979
தையல் பிரித்துப் பத்து நாளாயிற்று, புண் நன்றாக ஆறிவிட்டது. இன்று வகுப்பில் முன் வரிசையில் சுப்பம்மாள்! எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். "இந்த மனுஷன் நோட்டை வாசிக்கிறப்போ நடுவுல எதையோ முழுங்கினாரு. அது என்னன்னு பார்க்கணும்."

நோட்டை ஒளித்து வைக்க இடம் தேடுகிறேன். இந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத இடமே இல்லை.