ஆள் வருது

20 ஜனவரி 2025, திங்கள்

சாயங்காலம் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறியபோது வெங்கடேஸ்வரிக்குப் பக்கத்து சீட்டில் அவள் பை இருந்தது. வழக்கம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான்: எங்கள் இரண்டு பேரில் பஸ் ஸ்டாண்டுக்கு யார் முதலில் வருகிறாளோ, அவள் ஜன்னல் வழியாகப் பையை எறிந்து மற்றவளுக்கும் இடம் போட வேண்டும். பையை எடுக்கக் கை நீட்டினேன்.

"ஆள் வருது, பர்வீன்," என்றாள்.

என்னிடமே. வந்த ஆள் ஜாஸ்மின்.

21 ஜனவரி

பள்ளிக்கூடத்தைக் காட்டும் சினிமாக்களில் ஜாஸ்மின் மாதிரி ஒருத்தி கட்டாயம் இருப்பாள். ஆண்டு விழா டான்ஸுக்குத் தலைவி, பின்னால் மூன்று எடுபிடிகள், நடந்தால் தனியாக ஒரு காற்று வந்து முடியைக் கோதும். எங்கள் ஜாஸ்மினுக்கு ஊர் கான்சாபுரம். அவளும் எங்கள் பஸ்தான்; அதில் மூச்சு விடவே காற்று கிடையாது. வெங்கடேஸ்வரியும் டான்ஸில் சேர்ந்துவிட்டாள். ஆக, நான் கைவிடப்பட்ட தோழி. சோகப் பாட்டோடு மழையில் நனைந்து நடக்க வேண்டிய கட்டம். ஜனவரியில் மழைக்கு எங்கே போவேன்?

27 ஜனவரி

நின்றுகொண்டே ஊர் வந்தேன். கால் வலி.

30 ஜனவரி

கேட்டே விட்டேன். ஏன் எனக்கு இடம் போடுவதில்லை?

"நான் எம்புட்டு நல்லா ஆடுனாலும் நீ நக்கல்தான் அடிப்ப. அவ, 'இன்னொருக்கா ஆடுட்டி'ங்கா. அம்புட்டுத்தான்."

அழுகையா வருது. அவ இல்லாம நான் யார்ட்ட பேசுவேன்? யார நக்கல் அடிப்பேன்?

2 பிப்ரவரி

படங்களில் இதற்கு வைத்தியம் உண்டு. கண்ணாடி போட்ட பெண் ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி முடியை விரித்துவிடுவாள். பள்ளிக்கூடமே வாயைப் பிளக்கும். பிரிந்த தோழி மேடையில் மைக்கைப் பிடுங்கி மன்னிப்புக் கேட்பாள். முடியை விரித்தால் அம்மா வாசல் தாண்ட விடமாட்டாள். என் கண்ணாடியை மட்டும் கழற்றினால் போதும்.

7 பிப்ரவரி, ஆண்டு விழா

கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். யாரும் வாயைப் பிளக்கவில்லை. நான் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்த பி.டி. டீச்சர்தான், "கண்ணு வலியா? தள்ளி உக்காரு, மத்த பிள்ளைகளுக்கு ஒட்டிரும்," என்றார். மேடையில் சில பச்சைப் பாவாடைகள் ஆடின. வெங்கடேஸ்வரி எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் கைதட்டினேன். மைக் கடைசிவரை தலைமையாசிரியர் கையிலேயே இருந்தது.

சரி, நானே இடம் போட்டுவிடுவது என்று பஸ் ஸ்டாண்டுக்கு முதல் ஆளாக ஓடினேன். எங்கள் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பஸ் வந்தது. போர்டு மங்கல். பையை ஜன்னலுக்குள் எறிந்தேன். கூட்டத்தில் நான் ஏறுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. "ராஜபாளையம், ராஜபாளையம்" என்று கண்டக்டர் கத்துவது அப்போதுதான் காதில் விழுந்தது.

கண்ணாடியும் பையோடு போய்விட்டது. ஒன்றும் தெரியாமல் நின்றேன். ஒரு பச்சைப் பாவாடை ஓடி வந்தது.

"ஏட்டி, ராஜபாளையம் பஸ்ல யாருக்கு இடம் போட்ட?"

"ஒனக்குத்தான்."

வெங்கடேஸ்வரி டைம் கீப்பர் அறைக்கு என்னை இழுத்துப்போய், அந்தக் கண்டக்டருக்குப் போன் போட வைத்தாள். அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் ராஜபாளையம் போனோம். அவள் முகத்தில் அப்பியிருந்த ரோஸ் பவுடர் எனக்கே தெரிந்தது. வாய் வரை வந்த நக்கலை விழுங்கிக்கொண்டேன்.

"நான் ஆடுனத பாத்தியா?"

"ஒண்ணுமே தெரியலட்டி."

முதலில் முறைத்தாள். பிறகு சிரித்தாள். இறங்குகிற வரைக்கும் சிரித்தாள்.

பை கிடைத்தது. கண்ணாடியைப் போட்டேன். "இப்ப ஆடு," என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நின்றிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் ஆடினாள். நிஜமாகவே நன்றாக ஆடுகிறாள்.

"இன்னொருக்கா ஆடு," என்றேன்.

8 பிப்ரவரி

நேரம் கழித்து வந்ததற்கு அம்மாவின் திட்டு இன்னும் முடியவில்லை.

10 பிப்ரவரி, திங்கள்

பஸ் ஸ்டாண்டுக்கு வரத் தாமதம். பஸ்ஸுக்குள் மூன்று பேர் சீட்டில் ஜாஸ்மினும் வெங்கடேஸ்வரியும் இருந்தார்கள். ஓரத்தில் ஒரு பை. தேங்காய் மூட்டையோடு வந்த அக்கா ஒருத்தி அதை நகர்த்தி உட்காரப் போனாள்.

"ஆள் வருதுக்கா," என்றாள் வெங்கடேஸ்வரி.

எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. ஏறினேன்.