இரண்டு கூடங்களிலும் நடந்தவன்

அன்பே,

ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகும் ஒப்பந்தத்தை இன்று பிற்பகல் நாடாளுமன்றத்தில் மறுபடியும் தோற்கடித்தோம். விலகுவதில் அரசுக்கும் எங்களுக்கும் சண்டை இல்லை, எப்படி என்பதில்தான்.

எங்கள் வாக்கு கால்களில்தான் இருக்கிறது: 'ஆம்' என்போர் ஒரு கூடம் வழியாக, 'இல்லை' என்போர் இன்னொன்றின் வழியாக நடக்க வேண்டும். வாக்கெடுப்பு மணி அடித்ததும் 'இல்லை' பக்கம் போக எழுந்து நடந்தேன். விட்பியில் நீ போய் இருக்கும் உன் அக்கா வீட்டு ஜன்னலில் தெரியும் கடல், கம்பளத்தின் மேல் அலையடித்தது. நினைவு கலைந்தபோது 'ஆம்' என்போரின் கூடத்தில் நின்றிருந்தேன்.

"என்ன, கடைசியில எங்ககூட வந்துட்டீங்களா?" என்றாள் அரசுத் தரப்பு மார்ஜரி.

"கடல் பார்த்துட்டிருந்தேன்."

"நல்லாப் பார்த்தீங்க! கதவு சாத்துறதுக்குள்ள 'இல்லை' பக்கமும் ஒரு நடை நடந்துடுங்க. ரெண்டு வாக்கும் ஒண்ணையொண்ணு அடிச்சுடும்."

நடந்தேன். நாட்டின் எதிர்காலத்துக்கு ஆம் என்றும் இல்லை என்றும் சொன்னவனாகப் பதிவாகிவிட்டேன். யாரும் கோபிக்கவில்லை. இங்கே அதற்கு நடுநிலை என்று பெயர்.

பதவியை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருப்பேனா என்று கேட்டு, இல்லையென்றால் இனி வரவே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அரசு ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸிடம் கேட்பதுபோல நானும் அவகாசம் கேட்கத்தான் நினைத்தேன். கால்கள் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டன.

"போக மட்டுமா, திரும்பி வரவுமா?" என்று கேட்டாள் டிக்கெட் கொடுப்பவள்.

"போக மட்டும்."

அவள் வாக்கெடுப்பு எதுவும் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வருகிறேன்.

உன் கணவன்