வெள்ளை விட்ட இடம்

கார்த்திகை 22, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தோல் காயவில்லை. முதலாளி பெரிய சாயபு (இனி பெ.சா.) கொட்டகையில் தொங்கியதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, வானத்தை உருதுவில் திட்டினார். எனக்கு ஜலதோஷம். வாங்க வேண்டியது: மிளகு, பேனா முள், வீட்டுக்காரி வள்ளிக்கு நூல்கண்டு.

மெயில் வண்டியில் பத்திரிகை வந்தது. தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டு பத்தி அகலத்துக்கு வெள்ளை. புது அவசரச் சட்டம். எழுதினால் அச்சாபீஸுக்குப் பூட்டு. பொய்யாக எதையாவது போட்டு நிரப்பாமல் வெள்ளையாக விட்டாரே அந்த ஆசிரியர், அவர் ஆம்பளை.

சோற்று வேளையில் வழக்கம்போல் தோல்ஷாப்பு ஆட்களுக்கு வாசித்தேன். வெள்ளை இடத்தைத் தூக்கிக் காட்டினேன். தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் அஞ்சலை, புருஷன் கோவிந்தன் மூன்று வருஷமாகத் தங்கவயலில், பின்னாலிருந்து கேட்டாள், அது இன்னா வெள்ளையா கீது என்று. நமக்குத் தெரியக்கூடாதென்று சர்க்கார் எடுத்துவிட்டது என்றேன்.

"நம்மளுக்கு இன்னா தெரியணும்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

மூன்று வாரமாக நான் முட்டி மோதி எழுதும் கட்டுரையே இந்த ஒரு கேள்விதான். வெட்கமில்லாமல் அதையே முதல் வரியாக வைத்துக்கொண்டேன்.

கட்டுரை வேலூர் வாரப் பத்திரிகைக்கு. தலைப்பு ‘அவனவன் இஷ்டம்’. இதுவரை:
பத்திரிகையில் சர்க்கார் கை வைக்கக் கூடாது.
தபாலை உடைத்துப் பார்க்கக் கூடாது.
கள்ளுக்கடை வாசலில் குடிக்காதே என்று சொல்லலாம், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. (இதை ரயில் ஸ்டேஷனில் சொன்னதற்குக் கதர்க்காரர் ஒருவர் என்னை சர்க்கார் ஆள் என்றார். சர்க்காரைத் திட்டினால் போலீஸ் ஏட்டு என்னைக் கதர்க்காரன் என்கிறார். நல்ல பேஜார்.)
யார் யாரோடு வாழ்வது என்பதில் நாட்டாண்மைக்கு என்ன வேலை?

கார்த்திகை 24, வியாழன்

தூறல் விட்டது. கடுக்காய் மூட்டை இரண்டு நனைந்து வீண்.

கோவிந்தனிடமிருந்து அஞ்சலைக்குக் கடிதம், ஷாப்பு விலாசம் போட்டு. இதுபோல் வருவதையெல்லாம் கணக்கெழுதும் ரைட்டர் நான்தான் வாசித்துச் சொல்வது. அவள் ஆபீஸ் வாசற்படிக்கு வெளியே நின்றாள். கையெல்லாம் பட்டைத் தூள். கண்ணால் ஒருமுறை ஓட்டினேன். நான்கே வரி, பென்சிலில்:

‘சௌக்கியம். நான் இங்கே ஒருத்தியோடு குடித்தனமாக இருக்கிறேன். உன்னோடு உறவைத் தீர்த்துவிட்டேன், காத்திருக்க வேண்டாம், உன் இஷ்டம்போல் இருந்துகொள். இதை நாட்டாண்மைக்காரரிடம் காட்டு.’

அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாகப் பேசிற்று. சௌக்கியமாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான். பொங்கலுக்கு வரப் பார்க்கிறானாம். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். உனக்கொரு சிவப்புப் புடவை எடுத்து வைத்திருக்கிறான் என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன்? எவன் கேட்டான் புடவையை?

கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்தபடி போனாள்.

கார்த்திகை 25, வெள்ளி

ஷாப்பு லீவு. நெஞ்சில் சளி. கட்டுரை ஓடவில்லை.

நேற்றுச் செய்தது இரக்கத்தால் என்று இங்கே எழுதினேன். அடித்துவிட்டேன். முதலில் வந்தது இரக்கமில்லை. ஆபீஸ் வாசலில் அழுது புரண்டால் என்ன செய்வது, பெ.சா. வந்துவிட்டால் என்ன சொல்வது, இந்தப் பயம்தான். இரக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

நாளைக்கே சொல்லிவிட வேண்டும்.

மார்கழி 4, சனி

சொல்லவில்லை.

சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் முனுசாமி வந்தான். பெண்டாட்டி செத்து இரண்டு வருஷம். நல்லவன், குடியில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றவன் கடைசியில் சொன்னான். அஞ்சலையைக் கட்டிக்கொள்ளக் கேட்டானாம். கோவிந்தனைப் பற்றிச் சேதியே இல்லாவிட்டால் பொங்கல் கழித்து நாட்டாண்மையிடம் பேசலாம் என்று ஐப்பசியில் சொல்லியிருந்தாளாம். இப்போது கடிதம் வந்துவிட்டது, வேண்டாம் என்கிறாள். "நெசமாவே வர்றானா ரைட்டரே?"

வரப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறான் என்றேன். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே சொன்னேன். அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

மத்தியானம் அஞ்சலை மறுபடி கடிதத்தோடு வந்தாள். இன்னொரு தபா படிங்க என்றாள். படித்தேன். மறந்து போகாமலிருக்க இங்கே எழுதி வைக்கிறேன்: சௌக்கியம், உடம்பு, பொங்கல், புடவை. இந்த வரிசை. பொய்யை மனப்பாடம் செய்ய டைரி வைத்திருக்கிறேன், நாற்பத்தோரு வயதில்.

மார்கழி 13, திங்கள்

கடுங்குளிர். பாலாற்றுப் பக்கம் எட்டு மணி வரை பனி.

முனுசாமி கணக்குத் தீர்த்துக்கொண்டு போய்விட்டான். பட்டணத்துப் பக்கம் ஏதோ தோல்ஷாப்பாம், பேர் தெரியாது. பேரேட்டில் அவன் பேருக்கு நேரே கோடு போட்டதும் நானே. கேட் வரை பின்னால் போனேன். எதையோ சொல்ல வாயெடுத்து, ரயிலுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சீ.

அஞ்சலை மூன்றாம் முறை வந்தாள். படித்தேன். புடவையைப் பச்சை என்றேன்.

"போன தபா செவப்புன்னு இருந்திச்சே."

பென்சில் மங்கல், சரியாகத் தெரியவில்லை என்றேன். என் வாயையே பார்த்தாள். கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மடித்துக்கொண்டு போனாள். எழுத்துத் தெரியாதவளுக்குக் காதுதான் ஏடு. அதை மறந்துவிட்டேன்.

மார்கழி 21, செவ்வாய்

வேலூரிலிருந்து பதில். கட்டுரை பிரமாதமாம். தை முதல் இதழில் போடுகிறார்கள். தபால்காரர் கையில் ஓரணா திணித்தேன். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, எதற்குக் கொடுத்தோம் என்று யோசித்தேன்.

அஞ்சலை ஒரு வாரமாகக் கடிதத்தோடு வரவில்லை. வாசிப்புக்கு மட்டும் வருகிறாள். பின்னால் உட்காருகிறாள். சிரிப்பில்லை.

மார்கழி 26, ஞாயிறு

மிளகு ரசம். இருமல் கம்மி. சாயந்தரம் வள்ளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"எனக்குப் பேப்பர் படிச்சிக் காட்டறீங்களே தினமும், அதுல எதையெல்லாம் வுட்டீங்க?"

ஒன்றுமில்லை என்றேன். உண்மையில்லை. போன மாசம் பிரசவத்தில் ஒரு பெண் செத்த செய்தி. அவள் தங்கை மாசமாக இருக்கிறாளே என்று விட்டேன். விதவைகள் மகாநாடு பற்றியது, அது நீளம் என்று விட்டேன். யோசித்தால் இன்னும் வரும். பத்து வருஷக் கணக்கு.

நாளை அஞ்சலையிடம் சொல்லிவிடுவது. நிச்சயம்.

மார்கழி 28, செவ்வாய்

சொல்லவில்லை. சரக்கு அனுப்பும் நாள், கூட்டம். கூட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

தை 3, சனி

பொங்கல் போயிற்று. கோவிந்தன் வரவில்லை. எப்படி வருவான்?

சோற்று வேளை முடிந்து ஆட்கள் எழுந்தபின் அஞ்சலை வந்தாள். இன்று படியில் நிற்கவில்லை. உள்ளே வந்து மேஜை மேல் கடிதத்தை வைத்தாள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவிடம் காட்டினாளாம். நான் பச்சைப் புடவை என்று சொன்ன மறுநாளே. இத்தனை நாளும் நானாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உன் நல்லதுக்கு என்று ஆரம்பித்தேன். எவ்வளவு பழைய பேச்சு. சர்க்கார் அவசரச் சட்டத்துக்குச் சொல்லும் காரணமும் அதுதான்.

கத்தவில்லை அவள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபம்.

"அந்தப் பேப்பர்ல வெள்ளையா வுட்டாங்களே, அது தேவலாம் ரைட்டரே. எடுத்துட்டாங்கன்னாவது தெரிஞ்சிது. நீங்க எடங்கூட வுடலியே."

முனுசாமி இருக்கும் இடத்தை விசாரிக்கிறேன், பட்டணத்துக்கு எழுதிப் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். தேடுவதானால் அவளே தேடிக்கொள்வாளாம். போகிற போக்கில் சொன்னாள், அழுதிருப்பேன்தான், ரெண்டு நாள் அழுதிருப்பேன், அப்புறம் சோறு ஆக்கியிருப்பேன், இதுக்கா இவ்ளோ பயந்தீங்க என்று.

பிற்பகல் முழுக்கக் கூட்டல் தப்பு. பெ.சா. உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவும் பொய்.

வேலூருக்கு எழுதிக் கட்டுரையை நிறுத்தலாமா? காலம் கடந்துவிட்டது.

தை 5, திங்கள்

நல்ல வெயில். தோல் முறுக்காகக் காய்கிறது.

வாரப் பத்திரிகை வந்துவிட்டது. ‘அவனவன் இஷ்டம்’, முதல் பக்கத்திலேயே. புனைபெயர் ‘சுயேச்சை’. மேஸ்திரிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது, ரைட்டர் எழுதினதைத்தான் இன்றைக்குப் படிக்க வேண்டும் என்று எல்லோரையும் கூட்டிவிட்டார். முப்பது பேர். அஞ்சலை எப்போதும் உட்காரும் இடத்தில்.

படித்தேன். முதல் வரி அவளுடைய கேள்வி. அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ, முகத்தில் ஒன்றுமில்லை. தபால் பற்றிய பத்தி வந்தது. அங்கே ஒரு வரி இருந்தது. எழுதிய அன்று எழுந்து நின்று எனக்கு நானே படித்துக்கொண்ட வரி. நாக்கு அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டது. ஒருவருக்கும் தெரியவில்லை. முடித்தேன். மேஸ்திரி கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

தட்டி முடிந்ததும் அஞ்சலை கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், உப்பு இருக்கா என்று கேட்பது போல.

"எல்லாம் படிச்சிட்டீங்களா, ரைட்டரே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வரி விட்டுப்போச்சு என்றேன். பத்திரிகையை மறுபடி பிரித்தேன். அந்த இடம் உடனே கிடைக்கவில்லை. கிடைத்ததும் வாசித்தேன்.

‘ஒருவனுக்கு வந்த கடிதத்தை மறைப்பவன், காக்கிச் சட்டை போட்டிருந்தாலும் வெள்ளை வேட்டி கட்டியிருந்தாலும், திருடன்.’

"இன்னொரு தபா" என்றாள்.

இன்னொரு முறை வாசித்தேன்.