பீரோ வீட்டிலேயே இருக்கட்டும்

ஃபெலெட்டி, சர்ச்ல பாட்டுப் பயிற்சி முடிஞ்சு வந்ததும் முதல்ல இதைப் படி. அடுப்புல சேப்பங்கீரை லூ வச்சிருக்கேன், தேங்காய்ப்பால் தாராளமா ஊத்தி. நான் ஒரு வாய்கூடத் தொடல. வவாவு தீவுக்குப் போற குட்டி விமானத்துல பையோட ஆளையும் சேர்த்துத்தானே நிறுக்கிறாங்க.

நேத்து என்னமா கத்தின. "லென்ஸுக்கெல்லாம் இடம் இருக்கு, கட்டின புருஷனுக்கு இல்லையா?" என் புது கேமரா பையை பீரோன்னு வேற சொன்ன. எடை தெரியாம இருக்க லென்ஸை சட்டைக்குள்ள ஒளிச்சுக்கணுமாம். ஆளையே தராசுல ஏத்துற ஊர்ல என்ன ஒரு மூளை.

காலையில விமான ஆபீஸ்ல கேட்டேன். பீரோ ஏறினா வேற யாரும் ஏற முடியாதாம். அது இல்லாட்டி ஒரு குண்டு மனுஷன் தாராளமா வரலாமாம்.

அதனால பழைய தோள்பை, ஒரே லென்ஸ். நான் படம் எடுக்கப்போற திமிங்கலம் என்ன சின்னதாவா இருக்கப்போகுது. நான் முன்னாடி போய் வரிசையில நிக்கிறேன். பீரோ கட்டில்மேல இருக்கு, அதுக்குள்ள உன் டிக்கெட். இன்னிக்கு விட்டா நாளைக்கு ஞாயிறு, நம்ம நாட்டுல விமானம் கிடையாது, காக்கா கூடப் பறக்காது.

லோசா

சாவியையும் பன்னிங்களையும் பக்கத்து வீட்டு சீனிகிட்ட ஒப்படை.

லூவையும் அவகிட்டயே குடுத்துடு. நீயும் தராசுல ஏறணும்.