படத்தில் இல்லாத ஓடப் பாட்டு

நாகர்கோவில்,
14 நவம்பர் 1955.

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி நேசபாய்க்கு அக்கா சத்தியபாய் எழுதிக்கொண்டது. அம்மாவும் நானும் தேவ கிருபையால் சுகம். நீயும் மாப்பிள்ளை குமாரதாசும் மதராசில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் சினிமாக் கதை, மீதி அரைப் பக்கம் மழை. என்ன சாப்பிடுகிறாய், அந்த இருமல் விட்டதா, ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷத்தில் மாப்பிள்ளை உன்னைப் பட்டணத்துக் கொட்டகை எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டார் போலிருக்கிறது. துறைமுக ஆபீசில் வேலையே கிடையாதா என்று அம்மா கேட்கிறாள்.

நீ எழுதும் கதையை நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தையல் டீச்சருக்கு இது ஒரு கூடுதல் உத்தியோகம். இந்தத் தடவை அந்தப் பெண் மழையில் பிள்ளையோடு வெளியே நிற்கிற இடம் வரை எழுதி நிறுத்தியிருக்கிறாய். அம்மா பொறவு என்ன என்றாள். பொறவு ஒன்றும் எழுதவில்லை, முடிவைச் சொன்னால் சுவாரசியம் கெட்டுவிடும் என்று எழுதியிருக்கிறாள் என்றேன். பிள்ளை மழையில் நனைஞ்சிட்டு நிக்குவு, இவளுக்கு சுவாரசியமாம் என்று அம்மா உன்னைத்தான் ஏசினாள்.

சரி, நம் ஊர்க் கூத்தைக் கேள். கடைசி வீட்டு ஜெயசிங் இருக்கிறானே, சிலோனில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டிக்கொண்டிருந்தவன், அவன் மெஷினோடு ஊருக்கு வந்துவிட்டான். மதுரையிலிருந்து ரீல் வரவழைத்து, சனிக்கிழமை இருட்டின பிறகு தன் வீட்டு ஹாலில் படுக்கை விரிப்பைக் கட்டிப் படம் காட்டுகிறான். பகலில் காட்டினால் ஒன்றும் தெரியாதாம். சபையார் கொட்டகைக்குப் போகக் கூடாது என்று நம் போதகர் தீர்மானம் போட்டிருக்கிறார் அல்லவா. கொட்டகைக்குத்தானே போகக் கூடாது, வீட்டில் பார்த்தால் பாவமில்லை என்று முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது அவர் சம்சாரம், நம் போதகர் அம்மாதான். மடியில் பாட்டுப் புத்தகம் வேறு. நம் ஞானப்பாட்டுப் புத்தகத்தைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு விக்டோரியா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் படம் ராஜகுமாரன் கதை. குமாரனாம் குமாரன். அவன் வயதுக்கு ஒழுங்காகக் கல்யாணம் முடித்திருந்தால் பேரன் எடுத்திருப்பான். வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு வாள் வீசுகிறான். எதிரி பாவம், இவன் மூச்சு வாங்கி முடிக்கிறவரை காத்திருந்து குத்து வாங்கிச் சாகிறான். போட்டிருந்த பட்டுச் சட்டையின் ஓரத்தைப் பார்த்தாயா? அளவுக்கு ஓட்டித் தைத்த நூலைக்கூட உருவவில்லை. என் நாலாம் வகுப்புப் பிள்ளை இப்படித் தைத்துக் கொண்டு வந்தால் முழுவதையும் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவேன்.

இரண்டாவது படம் நீ தெய்வமே என்று புகழ்ந்து எழுதினாயே, அந்தப் பத்தினி கதை. புருஷன்காரன் வேறொருத்தி வீட்டில் கிடக்கிறான். இவள் அவன் சட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாடுகிறாள். அடித்தால் பாடுகிறாள், பட்டினி போட்டால் பாடுகிறாள், கடைசியில் கண் தெரியாமல் போகிறது. கண் போனது கடைசியில்தான் மக்கா, புத்தி முதல் ரீலிலேயே போயாச்சு. அவளுக்குப் பிறந்த வீடு இல்லையா? அந்த ஊரில் பஸ் ஓடாதா? ஹாலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் மூக்கைச் சிந்தினார்கள். விக்டோரியா என் சேலையில் சிந்தினாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கிறிஸ்துமசுக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள். அம்மா இப்போதே பச்சரிசி காயப் போட்டு வைத்திருக்கிறாள். இருமலுக்கு ஆடாதோடை இலையைக் கஷாயம் வைத்துக் குடி.

இப்படிக்கு,
உன் மேல் பட்சமுள்ள அக்கா,
சத்தியபாய்.


நாகர்கோவில்,
30 ஜனவரி 1956.

பிரியமுள்ள நேசத்துக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும். சினிமாவைச் சொல்லவில்லை, சுகத்தைச் சொல்கிறேன்.

கிறிஸ்துமசுக்கு லீவு கிடைக்கவில்லை என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். உனக்கு எந்த ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்று தெரியவில்லை. நீ மட்டுமாவது வந்திருக்கலாம். அம்மா சுட்ட முந்திரிக்கொத்தை ஒரு டின்னில் போட்டு, மதராசுக்குப் போன விக்டோரியாவின் தம்பி ராஜையனிடம் கொடுத்து அனுப்பினோம். அவன் திரும்பி வந்து சொன்னான், மாப்பிள்ளை வாசலிலேயே நின்று டின்னை வாங்கிக்கொண்டாராம். நீ பகல் ஆட்டம் சினிமாவுக்குப் போயிருக்கிறாய் என்றாராம். உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்டது, வேலைக்காரியாக இருக்கும் என்றான் ராஜையன். வேலைக்காரி வைத்திருப்பதை நீ எழுதவே இல்லையே. கொள்ளாம், பெரிய ஆளாகிவிட்டாய்.

உன் போன கடிதத்தின் அடியில் மாப்பிள்ளையும் இரண்டு வரி எழுதியிருந்தார். என் சினிமா விமர்சனத்தை உன் கையில் கொடுக்கிறதற்கு முன்னாலேயே படித்து வயிறு வலிக்கச் சிரித்தாராம், தொடர்ந்து எழுத வேண்டுமாம். ஆக, என் கடிதத்தை உனக்கு முன்னால் அவர்தான் பிரிக்கிறார். வாசிக்கட்டும். படித்த மனுஷர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஜெயசிங்கோடு எனக்குப் பெரிய சண்டை. கார்த்திகை மாசம் நீ ஒரு படத்தைப் பற்றி எழுதினாயே, அண்ணனும் தங்கச்சியும் பிரிந்து போகிற கதை. அதில் நிலா வெளிச்சத்தில் தங்கச்சி ஓடத்தில் போகிறபடி ஒரு பாட்டு, அதைப் பார்த்து நீ தேம்பி அழுதாய், மாப்பிள்ளையும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார் என்று எழுதியிருந்தாய். அந்தப் படம் போன சனிக்கிழமை இங்கே வந்தது. ஓடப் பாட்டுக்காகவே அம்மாவையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

படம் மகா மோசம். அண்ணன்காரன் தங்கச்சியைக் காணாமல் ஊர் ஊராகத் தேடுகிறான். அவள் அடுத்த தெருவில்தான் தண்ணீர் எடுக்கிறாள். இவன் கண்ணில் படவில்லை. அவள் முகத்தில் ஒரு மரு வைத்திருக்கிறாளாம், அதனால் அடையாளம் தெரியவில்லையாம். மரு வைத்தால் கூடப்பிறந்தவளைத் தெரியாமல் போகுமா, கோட்டிப் பய. இப்படி ஒரு அண்ணன் இருப்பதைவிட இல்லாமல் இருக்கலாம். சரி, ஓடம் வரட்டும் என்று பொறுத்துக்கொண்டிருந்தேன். படமே முடிந்துவிட்டது. ஓடமும் இல்லை, நிலாவும் இல்லை.

ரீலை எங்கே வெட்டி வைத்திருக்கிறாய் என்று ஜெயசிங்கைப் பிடித்தேன். அவன் சிரிக்கிறான். அந்தப் பாட்டு படத்திலேயே கிடையாதாம். கொட்டகையில் விற்கிற பாட்டுப் புத்தகத்தை முதலில் அச்சடித்துவிட்டார்களாம், பிறகு படம் நீளம் என்று அந்தக் காட்சியை எடுத்துப் போட்டுவிட்டார்களாம். சிலோனில் தோட்டத்துக்குத் தோட்டம் புத்தகம் வாங்கினவர்கள் ஓடப் பாட்டு எங்கே என்று அவனை அடிக்க வந்தார்களாம். உலகத்தில் யாரும் அந்த ஓடத்தைப் பார்த்தது கிடையாது என்று சத்தியம் செய்கிறான். புத்தகத்தையும் எடுத்து நீட்டினான். கதைச் சுருக்கம் என்று பாதி எழுதி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்திருக்கிறார்கள். இந்த லட்சணத்துக்கு ஒரு புத்தகம்.

நான் விடவில்லை. என் தங்கச்சி மதராசில் கண்ணால் பார்த்து அழுதிருக்கிறாள், அவள் பொய் சொல்லுவாளா, நீ அறுத்துத் தின்றுவிட்டு ஊரான் மேல் பழி போடுகிறாய் என்று சபையார் முன்னாலேயே கேட்டுவிட்டேன். ஆகையால் நீ உடனே எழுது. அந்தப் பெண் ஓடத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், துடுப்புப் போட்டது யார், என்ன சேலை, எல்லாம் எழுது. அதை அவன் மூஞ்சியில் காட்ட வேண்டும்.

நம் தாலுகாக்களை மதராசோடு சேர்க்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. உன்னை முந்தியே சேர்த்தாச்சே என்று அம்மா சொல்கிறாள்.

அன்புள்ள அக்கா,
சத்தியபாய்.


நாகர்கோவில்,
12 மார்ச் 1956.

என் கண்ணான நேசத்துக்கு அக்கா எழுதுவது.

உன் பதில் வந்தது. நிலா இருந்தது, அவள் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள், நீலச் சேலை என்று எழுதியிருக்கிறாய். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் தெரிந்திருக்கிறது. போகட்டும். ஜெயசிங்கிடம் நான் தோற்றேன் என்று வைத்துக்கொள். இனி அந்த ஓடத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம். உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து வாசித்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெயசிங் வீட்டில் புதிதாக ஒரு படம் பார்த்தேன். அது மதராசுக்கு வரவில்லை, அதற்குப் பாட்டுப் புத்தகமும் கிடையாது. அதனால் நானே முழுக்க எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு இது ருசிக்காது. சண்டை இல்லை, டான்ஸ் இல்லை. அவர் இந்த இடத்தைத் தள்ளிவிட்டு வாசிக்கலாம்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அக்கா, தங்கச்சி. அக்காக்காரி பால்மாடு வைத்துப் பிழைக்கிறாள். வாய் மிஞ்சினவள், எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்லுவாள். தங்கச்சியைத் தூரத்து ஊரில் ஒரு ஜவுளிக்கடைக்காரனுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் மீசை முறுக்குகிற வில்லன் இல்லை. மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் சிரித்த முகம். கடைக்குப் போகும்போது சிரித்துக்கொண்டே கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறான். பாதிப் படம் வரைக்கும் அவன்தான் வில்லன் என்று ஹாலில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இவ்வளவு பேசுகிறேனே, எனக்கும் தெரியவில்லை பார்.

தங்கச்சி மாசாமாசம் கடிதம் போடுகிறாள். அவர் இந்தத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், அந்தத் தேருக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்று. போகிறது அவன் மட்டும். யாரோடு போகிறான் என்று படத்தில் காட்டவில்லை, காட்டாததே நல்லது. அவன் சட்டைப் பையில் கிடக்கிற திருவிழா நோட்டீசை எடுத்து வைத்துக்கொண்டு, இவள் பூட்டின வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்த மாதிரி எழுதுகிறாள். ஒரு வருஷம் தெப்பம் ரொம்ப அழகு என்று எழுதிவிட்டாள். அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் இல்லை, தெப்பம் ஓடவே இல்லை. நோட்டீசில் மட்டும் அச்சடித்திருந்தது. அக்காக்காரிக்கு அதை வேறு யாரோ சொல்லித் தெரிய வேண்டியிருந்தது. வெளியூர் போனவன் வந்து, உள்ளே இருமல் கேட்டது என்று சொன்னபோதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. பொல்லாத புத்திசாலி. தெரிந்த பிறகு மாட்டுத் தொழுவத்தில் போய் நின்று அழுதாள். இது அழ வேண்டிய இடம்தான். நானும் அழுதேன்.

பிறகு அக்கா ஊரில் எல்லாரிடமும் பட்டணத்துக்குச் சினிமா பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுகிறாள். துணைக்குத் தெரிந்த பையன் ஒருத்தனும் வருகிறான், நல்ல தடியன். புருஷன் கடைக்குப் போன பிறகு வாசலில் போய் நிற்கிறாள். பூட்டியிருக்கிறது. அவள் சும்மா நிற்கவில்லை. தெருவைக் கூட்டிவிட்டாள். பூட்டை உடைக்க ஆளும் கூட்டி வந்திருந்தாள். தங்கச்சி பெட்டி படுக்கை ஒன்றும் கட்டவில்லை. நகை எங்கே, பாத்திரம் எங்கே என்று அக்கா கேட்கவும் இல்லை. உடுத்த சேலையோடு வந்தால் போதும் என்றாள். ஊரார் என்ன சொல்லுவார்கள் என்று தங்கச்சி கேட்டாள். ஊராரை நான் பார்த்துக்கொள்கிறேன், என் வாய்க்கு இத்தனை நாளும் சரியான வேலை கிடைக்கவில்லை என்றாள் அக்கா. அந்த ஒரு வசனம்தான் படத்தில் எனக்குப் பிடித்தது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இந்தப் படத்தை மறுபடியும் போடுகிறார்கள். பகல் ஆட்டம், காலை பத்து மணிக்கு மேல். பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மழையானாலும் வெயிலானாலும் நான் அங்கே இருப்பேன். ராஜையனும் பார்க்க வேண்டும் என்கிறான்.

ஒரு இடத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். அக்கா கதவைத் தட்டிக் கூப்பிடுகிறாள். உள்ளேயிருந்து, நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், நீ ஊருக்குப் போ அக்கா என்று தங்கச்சி சொல்லுவதற்கு வாயெடுக்கிறாள். அவள் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அப்படிச் சொல்லாதே மக்கா, சொல்லிராதே என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டேன். போதகர் அம்மா திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கர்த்தர் உனக்கு நல்ல குரலையும், அதைத் திறந்து பேசத் தைரியத்தையும் தருவாராக.

உன் அக்கா,
சத்தியபாய்.