புகையோடு சேர்ந்து அதிகாரியும் குளித்த கதை

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அவர் வாய்க்கும் குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருந்தால் எனக்கு அதுவே போதும். அப்பாவுக்கு அனல்மின் நிலையத்தில் புகை கழுவும் கோபுரத்தில் வேலை என்று உனக்குத் தெரியுமே, நிலக்கரிப் புகையில் வரும் கந்தக வாயுவின்மேல் சுண்ணாம்புக்கல் கரைசலை மழை மாதிரிப் பொழிந்து பிடித்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை எதிர்வீட்டுத் தையற்காரி கொடியில் கிடந்த துணியை முகர்ந்துவிட்டு, யாரு அக்கா ஒரு பெட்டி தீக்குச்சியையும் ஒண்ணா கொளுத்தினது என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள், இடுப்பில் குழந்தை விடாமல் இருமியது. அப்பா பாதி சவரத்தோடு ஓடினார். போய்ப் பார்த்தால் கரைசல் பீச்சும் குழாய்வாய்கள் எல்லாம் கட்டிதட்டி அடைத்துக் கிடந்ததாம். கொதிகலனை நிறுத்தலாம் என்றதற்கு மேலாளர், எனக்கு ஜலதோஷம், ஒரு நாத்தமும் தெரியல, மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வர்ற நேரத்துல நிறுத்தினா உங்க வேலை போயிடும் என்றாராம். அந்தக் குழந்தையின் இருமல் காதிலேயே நின்றதால், போனால் போகட்டும் என்று உன் அப்பா நிறுத்தியேவிட்டார். கேட்டதும் திட்டித் தீர்த்தேன், ஆனாலும் ஒரு வாய் கூடுதலாகச் சோறு போட்டேன்.

அடைப்பெடுத்து மறுபடி ஓட்டும் அவசரத்தில் அப்பா கோபுரத்தின் பக்கக் கதவை மூட மறந்துவிட்டாராம். சரியாக அதன் முன்னால்தான் மேலாளர் அதிகாரிக்குக் கைநீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பம்பு ஓடியதும் பக்கத்தில் நின்ற அப்பாவோடு சேர்த்து மூன்று பேரும் வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றார்களாம். அதிகாரி கண்ணாடியைத் துடைத்து, புகையை அளக்கும் மீட்டரைப் பார்த்து, புகை சுத்தமா இருக்கு, நாமதான் இல்ல என்றாராம். காலையில் கொதிகலன் நின்றிருந்ததையும் அதிலேயே கண்டு, நிறுத்தியது யார் என்று விசாரித்து, நல்ல காரியம் பண்ணினீங்க என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்க, கைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு மேலாளர்தான் இழுத்துப் பிரித்தாராம். பிறகு வேலை போகும் என்ற பேச்சே இல்லை, தையற்காரியின் குழந்தையும் தேறிவிட்டது. ஆனால் அப்பாவின் சட்டை காய்ந்து விறைத்துப்போய்க் குளியலறை மூலையில் ஆளே இல்லாமல் தானாக நிற்கிறது, விளக்குப் போடாமல் உள்ளே போய் நான் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

நீ ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்பு மூட்டாதே. நோய்நொடி அண்டாமல் இருவரும் நிறைவாக வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, அப்பா இதே கதையை முதலிலிருந்து சொல்வார், தெரியாத மாதிரி கேட்டுக்கொள்.

அவரை மெச்சிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருக்கும்,
உன் அம்மா